மதிப்பெண்ணும் மதிப்பும்



1904-இல் கும்பகோணம் நகர உயர்நிலைப்பள்ளியில் கணிதப் பரிசு பெற்றவர் இராமானுஜன். அடுத்த ஆண்டே கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில், என்போல் ஓர் எழுத்தரானார். 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. திருத்தியவர்கள் நேர்மையாளர்களே, அளவுகோல்தான் குறுகியது.

நம் சங்கமும் மொத்த மதிப்பெண்ணுக்கே பரிசளிக்கின்றது. கணக்கில் நூறு வாங்கி, ஆங்கிலத்தில் தவறிய பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்புகின்றான். இன்று முதற்பரிசு பெறுபவள் என் மகள். ஆதலின் துணிந்து சொல்கின்றேன். வரும் ஆண்டு முதல் அத்தொகையைப் பிரித்துப் பாடந்தோறும் பரிசு வழங்குவோம். ஒரு துறையில் வல்லவனையும் மேடையேற்றுவோம்.

வாழ்க தமிழ்!