சாட்சிக் கூண்டில் உயர்திணை, தீர்ப்பிலே அஃறிணை!

(கிளிநொச்சியில் கமக்காரரும் பல்துறை உத்தியோகத்தரும் கூடிய கலந்துரையாடற் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



‘எந்திரன்’ திரைப்படத்தின் முடிவிலே சிட்டி என்னும் இயந்திர மனிதன் தன் உடலைத் தானே கழற்றி வைத்தது தியாகமா, அல்லது வெறுங் கீழ்ப்படிவா என்ற வினாவை இன்று எம் முன் வைத்திருக்கின்றீர்கள். “காணிப் பிரச்சினை கிடக்க, குளத்து நீர்ப் பிரச்சினை கிடக்க, சினிமாப் பொம்மைக்காக ஒரு விவாதமா?” என்று எவரேனும் கேட்கலாம். கேட்பதில் நியாயமுண்டு. ஆயினும் தியாகம் என்ற சொல்லை எடை போட்டுப் பார்க்க வேண்டிய கடமை இவ்வுலகில் எந்த மக்களுக்கேனும் உண்டென்றால், அது வன்னி மக்களாகிய நமக்கே முதலில் உண்டு. ஆகவே இவ்வினாவை விளையாட்டாகக் கொள்ளாமல், ஒரு வழக்காகவே கொண்டு ஆராய்வோம்.

முதலிலே வழக்கின் வரலாறு. சங்கர் இயக்கிய இப்படம் 2010 ஒக்டோபர் முதலாந் திகதி வெளிவந்தது. உரையாடலிற் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா அதைக் காணாமலே 2008இல் மறைந்தார். விஞ்ஞானி வசீகரனாகவும், அவர் படைத்த சிட்டியாகவும் ரஜினிகாந்த் இரு வேடந் தாங்கினார். சிட்டிக்கு மனித உணர்ச்சி ஊட்டப்படுகின்றது. ஊட்டியதும் அவன், தன்னைப் படைத்தவரின் காதலி சனாவையே விரும்பத் தொடங்குகின்றான். இராணுவத்தார் முன்னிலையில் நடந்த பரீட்சையை வேண்டுமென்றே கெடுக்கின்றான். சினங்கொண்ட வசீகரன் அவனை வெட்டிச் சிதைக்க, அவன் குப்பைமேட்டிற் போய்ச் சேருகின்றான். அங்கிருந்து அவனை மீட்டெடுக்கும் போரா என்னும் மற்றொரு விஞ்ஞானி, அழிவுக்குணத்தைத் தூண்டும் சிவப்புச் சில்லு ஒன்றை அவனுள்ளே பொருத்துகின்றார். அதன்பின் கொலையும் கொள்ளையும் நிகழ்கின்றன. போராவும் சிட்டியின் கையாலேயே மடிகின்றார். இறுதியில் வசீகரன் அச்சில்லைச் செயலிழக்கச் செய்கின்றார். சிட்டி பழைய நிலையை அடைகின்றான்.

அதன் பின்னரே நீதிமன்றம். நடந்த அழிவுகளுக்கெல்லாம் பொறுப்பாளியென வசீகரன் கூண்டில் நிற்கின்றார். அவர் உயிருக்கே ஆபத்து வந்த வேளையில் சிட்டி முன்வந்து, போரா சில்லைப் பொருத்திய காட்சியைத் தன் நினைவுப் பதிவிலிருந்து எடுத்துக் காட்டுகின்றான். வசீகரன் விடுதலையாகின்றார். சிட்டியையோ கழற்றி விடும்படி மன்று ஆணையிடுகின்றது. வேறு வழியின்றி வசீகரன் கேட்க, சிட்டி மன்னிப்புக் கோரி, பேசிக்கொண்டே, தன் உறுப்புக்களை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கழற்றுகின்றான். 2030ஆம் ஆண்டிலே அவன் ஒரு நூதனசாலையின் காட்சிப் பொருள். ஏன் கழற்றப்பட்டாய் என்ற சிறு பெண்ணின் கேள்விக்கு, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று விடையிறுக்கின்றான்.

இனி வாதங்களுக்கு வருவோம். “இயந்திரத்துக்கு ஏது தியாகம்? சாவியைத் திருகினால் ஓடும். மீளத் திருகினால் நிற்கும். எசமான் சொன்னான், இயந்திரம் செய்தது” என்பது ஒரு கட்சி. வலுவான வாதமே. மறுக்க இயலாதவன் கொடுத்தது கொடையாகாது. கட்டிப் போட்டுப் பறித்த நெல்லைத் தானமென்று எந்தக் கமக்காரனும் கணக்கெழுத மாட்டான்.

ஆனால் சிட்டி மறுக்க இயலாதவனா? படமே சான்று பகர்கின்றது. இராணுவத்தார் முன்னிலையில் எசமானின் விருப்பத்தை மீறினானே, அப்போது சிவப்புச் சில்லு அவனுள் இருந்ததா? இல்லை! சனாவை மறந்துவிடு என்றபோது மறுத்தானே, அப்போது இருந்ததா? அப்போதும் இல்லை! ஆகவே எவருடைய சூழ்ச்சியும் தீண்டாத காலத்திலேயே ‘மாட்டேன்’ என்று சொல்லக் கற்றவன் சிட்டி. ‘மாட்டேன்’ என்று சொல்ல வல்லவன் ‘ஆகட்டும்’ என்று சொல்லும்போதுதான் அச்சொல்லுக்குப் பெறுமதி உண்டு. எனவே அவன் செய்தது தியாகமே என்பது எமது துணிபு.

அவ்வளவில் வழக்கு முடிந்ததா? முடியவில்லை. உண்மையில் இனித்தான் தொடங்குகின்றது. கொடுத்தவன் தியாகி என்றால், கேட்டவர் யார்? கேட்டது நியாயமா?

நம் மொழி பொருள்களை இரு திணையாகப் பகுக்கின்றது. மக்கள் உயர்திணை, மற்றெல்லாம் அஃறிணை. சிட்டியை ‘அவன்’ என்பதா, ‘அது’ என்பதா? அந்த நீதிமன்றத்தைக் கேட்டுப் பாருங்கள். வசீகரனை விடுவிக்க உண்மை தேவைப்பட்டபோது சிட்டி ‘அவன்’. அவன் சொல் ஏற்கப்பட்டது. தீர்ப்பெழுதும் வேளை வந்ததும் சிட்டி ‘அது’. கழற்றி எறிய வேண்டிய பொருள். சாட்சிக் கூண்டில் உயர்திணை, தீர்ப்பிலே அஃறிணை! ஒரே நாளில், ஒரே மன்றில், ஒருவனுக்கு இரு திணையா?

அஃது உயிரற்ற பொருள் என்றால் அதற்குத் தண்டனை ஏது? அவன் அறிவும் உணர்வும் உடையவன் என்றால் அவனது எதிர்வாதத்தைக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? அன்று அந்நாட்டில் நடைமுறையிலிருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையில் 85ஆம் பிரிவு ஒன்றுண்டு. ஒருவனுக்குத் தெரியாமலோ, அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப் பொருள் ஊட்டப்பட்டு, அதனால் தான் செய்வது இன்னதென்று அறியும் ஆற்றலை இழந்திருந்தானாயின், அந்நிலையில் அவன் செய்தது குற்றமாகாது என்பது அதன் கருத்து. நமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் இக்கொள்கையை ஏற்கின்றது. சிவப்புச் சில்லு வேறென்ன? விருப்பமின்றி ஊட்டப்பட்ட போதையன்றோ! வசீகரனைக் காத்த அதே சான்று சிட்டியையும் காத்திருக்க வேண்டும். ஒரே சான்றைக் கொண்டு ஒருவருக்குக் கதவைத் திறந்து, மற்றவருக்குப் பூட்டியது அம்மன்று.

பொருளைத் தண்டிக்கும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்திலே ஒரு மனிதன் வண்டிச் சில்லில் நசுங்கி இறந்தால், அந்த வண்டியையோ அதன் விலையையோ அரசுக்குப் பறிமுதல் செய்யும் சட்டம் நெடுங்காலம் நிலவியது. ‘டியோடண்ட்’ என்பது அதன் பெயர். புகையிரதம் வந்தது, விபத்துக்கள் பெருகின, புகையிரதக் கம்பனிகள் மீது யூரர்கள் பெருந்தொகைகளை விதிக்கலாயினர். 1846இல் அச்சட்டம் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில், பிறரது தவறினால் இறந்தவரின் குடும்பம் நட்டஈடு கோரி வழக்காடும் உரிமை சட்டமாயிற்று. இதிலுள்ள பாடத்தைக் கவனியுங்கள். பொருளைத் தண்டிப்பதால் விதவைக்கு ஒரு பிடி அரிசியும் கிடைப்பதில்லை. மனிதரைப் பொறுப்பாக்கினால்தான் கிடைக்கும்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கமக்காரப் பெருமக்களுக்கு வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவை நாம் விளக்கத் தேவையில்லை. களவாக மரம் ஏற்றிய உழவு இயந்திரம் பறிமுதலாகும் அபாயத்தை இப்பிரதேசம் நன்கறியும். ஆயினும் அங்கே கூட, குற்றத்தைத் தடுக்கத் தான் வேண்டிய முயற்சிகள் அனைத்தையும் எடுத்ததாக நிரூபிக்க உரிமையாளனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. உழவு இயந்திரத்தின் சார்பில் ஒரு சொல் சொல்ல இடமுண்டு. சிட்டியின் சார்பில் ஒரு சொல் சொல்ல இடமில்லை!

இதனோடு ஒப்பிட இன்னொரு படத்தையும் நோக்குவோம். 1991இல் ஜேம்ஸ் கமரூன் இயக்கிய ‘டேர்மினேற்றர் 2’ என்னும் அமெரிக்கப் படத்தின் முடிவிலும் ஓர் இயந்திரம் தன்னை அழித்துக்கொள்கின்றது. ஆனால் அங்கே எந்த மன்றும் ஆணையிடவில்லை. தன் தலைக்குள் இருக்கும் சில்லு எஞ்சினால் நாளை மனித குலத்துக்கு அழிவு வரும் என்ற காரணத்தை அது தானே அறிந்து, தானே தீர்மானிக்கின்றது. போக வேண்டாமென்று தடுக்கும் சிறுவனின் கட்டளையையும் மீறுகின்றது. தன்னைத் தானே அழிக்க அதன் அமைப்பு இடந்தராமையால், உருகிய இரும்பிலே தன்னை இறக்கும்படி ஒரு தாயின் உதவியை நாடுகின்றது. அது கட்டளையை மீறிச் செய்த தியாகம். சிட்டியினது கட்டளைக்குப் பணிந்து செய்த தியாகம். முன்னையதற்குக் காரணம் விளங்கியிருந்தது. பின்னையவனுக்குத் தீர்ப்பு மட்டுமே வாசிக்கப்பட்டது. இரண்டிலும் கொடுத்தவர் பெருமை ஒன்றே. கேட்டவர் நிலைதான் வேறு.

இன்னொன்றும் உண்டு. சிட்டியின் தியாகம் அவன் தலையைக் கழற்றிய கணத்தில் நிகழ்ந்ததென்றே பலரும் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அது சாட்சிக் கூண்டிலேயே நிகழ்ந்துவிட்டது. தன்னை ஒரு காலம் வெட்டிச் சிதைத்தவரைக் காக்க, தன் கைகள் செய்த கொடுமைகளின் வரலாற்றைத் தானே மன்றின் முன் விரித்தான். அந்த உண்மையைத் தனக்காகப் பயன்படுத்தி ஒரு வார்த்தை கெஞ்சினானா? இல்லை. உண்மையைச் சொன்னான், அதற்குரிய விலையைத் தானே கொடுத்தான். பின்னர் நிகழ்ந்தது அவ்விலையின் வசூல் மட்டுமே.

அன்பர்களே! சாட்சி சொல்பவன் விலை கொடுக்கும் கதை நமக்குப் புதியதா?

2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. அதன்பின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழு 2014 ஜனவரியிலே இந்தக் கிளிநொச்சியில் தன் விசாரணை அமர்வுகளைத் தொடங்கியது. நம் தாய்மார் போனார்கள், சொன்னார்கள். சொன்னதையே மறுபடியும் சொன்னார்கள். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி இதே கிளிநொச்சியில் வீதியோரத்திற் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களுட் பலர் விடை காணாமலே கண் மூடிவிட்டார்கள். உண்மை வேண்டும்போது அத்தாய்மார் உயர்திணை; வாக்குமூலம் எழுதப்பட்டது. தீர்வு கேட்டபோது அவர்கள் கோவையிலுள்ள ஓர் இலக்கம், அஃறிணை! சிட்டிக்கு நேர்ந்ததும் இதுவன்றோ?

தியாகம் என்ற சொல்லைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேசுவோம். இம்மண்ணிலே மனமுவந்து தம்மைக் கொடுத்தோர் உண்டு. கேளாமலே எடுக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. இருசாராருக்கும் ஒரே சொல்லைச் சூட்டினால், முன்னவரின் பெருமை குறையும். பின்னவரின் துயரம் மறையும். ஆகவே, எவர் எந்தக் கொடிக்காகத் தியாகம் என்று முழங்கினாலும், நாம் அமைதியாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. கொடுத்தவனுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா? காரணம் அவனுக்குச் சொல்லப்பட்டதா? அவன் மறைவினால் பதில் சொல்லும் கடமையிலிருந்து தப்பியவர் யார்? இவ்வினாக்களைக் கேட்பது தியாகியை அவமதிப்பதாகாது. கேளாது விடுவதே அவமதிப்பு.

நூதனசாலையில் நிற்கும் சிட்டியைப் பாருங்கள்! அவனைக் கண்ணாடிக்குள் வைத்தவர்கள் அவனைப் போற்றினார்கள் என்பீர்களா? 2018இல் வந்த ‘2.0’ என்னும் அடுத்த படத்திலே நகருக்கு ஆபத்து வந்ததும், கழற்றி வைத்த அதே சிட்டியை மீண்டும் பொருத்தி எழுப்பினார்கள். ஆபத்தானவன் என்று ஒதுக்கப்பட்டவன், தேவை வந்ததும் காவலனானான்! அப்படியாயின் அவனைக் கழற்றிய காரணம் அவனிடமிருந்த ஆபத்தா, ஆள்வோரிடமிருந்த அச்சமா?

எனவே எமது தீர்ப்பு இதுவே. சிட்டி தியாகி, ஐயமில்லை. ஆனால் அவன் தியாகத்தின் உயர்வு அம்மன்றின் தீர்ப்பை உயர்த்தாது. கொடுத்தவனின் பெருந்தன்மை கேட்டவனின் அநீதியைக் கழுவாது. உண்மை சொல்பவன் தன்னைப் பலியிட்டாலொழிய உண்மை வெளிவராது என்ற நிலை எங்குண்டோ, அங்கே நீதி இன்னும் பிறக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்க 2015இல் இந்நாட்டிலே சட்டம் வந்தது. 2023இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்தது. ஏட்டிலுள்ள சட்டம் தானாக எழுந்து நடந்து சாட்சியின் வீட்டு வாசலுக்கு வராது. அதை நடத்திக்கொண்டு வருவது ஊரின் கடமை. அடுத்த முறை உங்கள் கிராமத்துத் தாய் ஒருத்தி வாக்குமூலங் கொடுக்கப் புறப்படும்போது, கமக்காரர் அமைப்பிலிருந்து இருவர், மாதர் சங்கத்திலிருந்து இருவர், சட்டம் அறிந்த ஒருவர் கூடச் செல்லுங்கள். அவர் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டதா, அவருக்கு விளங்கும் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டதா என்று பாருங்கள். அதன் பிரதியைக் கேட்டுப் பெற்று ஊரிலே பத்திரப்படுத்துங்கள். சிட்டி தனியே கூண்டில் ஏறினான். தனியே கழன்று வீழ்ந்தான். நம் ஊரிலே எந்தச் சாட்சியும் தனியே போகக் கூடாது.