கற்படுக்கைகளை நோக்கி ஒரு நடைப்பயணம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



குற்றாலம் என்றவுடன் நெஞ்சில் எழுவது நீரின் ஓசை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தந்த குறவஞ்சி முதல், 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. இவ்வூரில் வாழ்ந்து வளர்த்த கவிதைச் சுவை வரை, இங்குள்ள இலக்கியம் சாரலில் நனைந்தே தழைத்தது. ஆனால் தென்காசியிலிருந்து கிழக்கும் வடகிழக்குமாகச் சென்றால் வேறொரு நிலம் விரிகிறது. சாரல் எட்டாத அந்த வெளியில் பாறைக் குன்றுகள் தனித்தனியே நிற்கின்றன. அவற்றில் துறவியர் வாழ்ந்த குகைத்தளங்கள் உண்டு. அவர்கள் படுத்த கற்படுக்கைகள் உண்டு. அருவியைப் பாடாத கவிஞர் இப்பகுதியில் இல்லை. அந்தப் படுக்கைகளைப் பார்த்த கவிஞர் எத்தனை பேர்? வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு நடைப்பயணம் முன்மொழியப்படுவதன் காரணம் இந்தக் கேள்விதான்.

பயணத்துக்கு நான்கு இடங்கள் போதும். முதலாவது, கடையநல்லூரை அடுத்த திருமலாபுரம். பாண்டியர் காலக் குடைவரை அங்கே உள்ளது. அதன் விதானத்தில் பழைய ஓவியங்களின் எச்சம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது, வீரசிகாமணி. ஒரே குன்றில் குடைவரைச் சிவன் கோயிலும், மக்கள் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்று வழங்கும் கற்படுக்கைகளும் உள்ளன. மூன்றாவது, கழுகுமலை. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் அங்கே பாறை முகத்தில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அருகிலேயே, மேலிருந்து கீழாகச் செதுக்கி முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட வெட்டுவான் கோயில். நான்காவது, சீவலப்பேரியை அடுத்த மறுகால்தலை. வெண்காசிபன் என்பவன் அமைத்துக் கொடுத்த படுக்கை இது என்று கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அங்கே உள்ளது.

மறுகால்தலைக் கல்வெட்டு 1906இல் அறியப்பட்டது. இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். அதே 1906இல்தான் அமெரிக்காவில் மேசா வெர்டே என்னும் மலைப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே செங்குத்துப் பாறைகளின் இடுக்குகளில் தொல்குடிகள் கட்டி வாழ்ந்த குடியிருப்புகள் ஏறத்தாழ அறுநூறு உள்ளன. அவற்றுள் பெரியவற்றுக்குள் செல்ல வேண்டுமானால் பூங்காக் காவலர் உடன்வர வேண்டும். கழுகுமலைப் பாறையிலோ காவலர் கண்ணயர்ந்தால் போதும், காதலர் பெயர் ஏறிவிடும்.

பெயர் என்ற சொல் வந்துவிட்டது. கவிஞர்கள் கூடிய அவையில் அதைச் சற்றே நின்று பார்ப்பது தகும். மறுகால்தலையில் படுத்துறங்கிய துறவியின் பெயர் இல்லை. கொடுத்தவன் பெயர் இருக்கிறது. கழுகுமலைச் சிற்பங்களின் கீழ் உள்ள வட்டெழுத்துகளிலும், உருவங்களைச் செய்வித்தோர் பெயர்களே உள்ளன. மாணாக்கர்களும், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும், தச்சரும், வேட்கோவரும் அவர்களுள் அடக்கம். செதுக்கிய சிற்பியின் கையே அங்கு பேசுகிறது. அவன் பெயர் பேசவில்லை. ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பெயர் எழுதியவர்கள் அவர்கள். ஒன்றும் கொடாமல் பெயர் எழுதுகிறவர்கள் இன்று ஆணியோடு ஏறுகிறார்கள். பத்தாண்டுகளாக வட்டத்தில் படித்தளிக்கப்பட்ட கவிதைகளும் இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தவை என்று அவரவர் கேட்டுக்கொள்ள, அந்தப் பாறையடியே தக்க இடம்.

இனிப் பயணத்தின் ஏற்பாடு. காலம் தையும் மாசியும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் நீர் பெருகும்; ஆனால் ஈரப் பாறையில் கால் நிற்காது. அருவியையும் குன்றையும் ஒரே பயணத்தில் அடக்க விரும்புவோர் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவன் உயிரைக் கொண்டுபோயிற்று. மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவனுக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. செண்பகாதேவி, தேனருவிப் பக்கத்துக் குகைகளைக் காண விழைவோர் வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டில் கால் வைக்கலாகாது.

மூன்று நாள் போதும். குன்றுகளின் அடிவாரம் வரை பேருந்து, பின்னர் நடை. விடியலில் ஏறி, பாறை சுடுவதற்கு முன் இறங்குவது நலம். சாய்ந்து விழும் காலை வெயிலில் கல்வெட்டு எழுத்து நிழல் கட்டித் தெளியும் என்பது மற்றொரு பயன். எழுத்தின்மேல் சுண்ணம் தேய்த்துப் படம் எடுப்பதும், சிற்பத்துக்கு எண்ணெய் பூசுவதும் அறவே கூடா. ஒருவருக்கு மூன்று லிட்டர் நீர், அவல், பொரிகடலை, தலைக்கு ஒரு துண்டு, ஒரு போர்வை, ஒரு குறிப்பேடு. மூட்டை இதற்குமேல் கனத்தால், அந்தக் கல்லில் படுத்தவன் என்ன வைத்திருந்தான் என்று எண்ணிப் பார்த்துப் பாதியை வீட்டிலேயே வைத்துவிடலாம். அறுபதைக் கடந்த உறுப்பினர்களுக்கு வீரசிகாமணியும் திருமலாபுரமும் போதும். கழுகுமலையின் அடிவாரத்திலும் முருகன் குடைவரை இருக்கிறது.

இப்பயணம் பொழுதுபோக்கு அன்று. மதுரையை அடுத்த அரிட்டாபட்டி, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் கற்படுக்கையும் கொண்ட ஊர். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூரையும் உள்ளடக்கிய பரப்பு 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. ஊர் மக்கள் திரண்டு நின்றனர். 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. அந்தக் குன்றைக் காத்தவர்கள் நாள்தோறும் அதைப் பார்த்து வாழ்ந்தவர்கள். எவரும் ஏறிப் பாராத குன்று கல்லுடைப்பவன் கண்ணுக்கு வெறும் கல். அதற்காக எழுந்து நிற்க ஆள் இராது. தென்காசிச் சீமையின் குன்றுகளுக்கு அந்த நிலை வராதிருக்க வேண்டுமானால், அவற்றின் பெயர் சொல்ல நாற்பது பேராவது வேண்டும். வட்டத்தில் நாற்பது பேர் தாராளமாக இருக்கிறார்கள்.

திரும்பி வந்தபின் ஒவ்வொருவரும் ஒரு கவிதை தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கல்லில் கீறாமல் திரும்பினால் போதும். அந்தப் படுக்கையில் சிறிது நேரம் அமர்ந்து, கொடுத்தவனை எண்ணி எழுந்து வந்தால், கவிதை தானே பின்தொடர்ந்து இறங்கி வரும்.