போர்வீரன் சுமக்கும் சுமை

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் பாதையில், ஆந்திர எல்லைக்குள், நாகலாபுரம் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள வேதநாராயணர் கோயிலைக் கிருஷ்ணதேவராயர் கட்டுவித்தார் என்றும், தம் அன்னை நாகலாதேவியின் பெயரையே ஊருக்குச் சூட்டினார் என்றும் கூறுவர். 1509 முதல் 1529 வரை ஆண்ட அம்மன்னர் பல ஆண்டுகளைப் பாசறையிலே கழித்தவர். உதயகிரிக் கோட்டை முற்றுகை மட்டும் ஓராண்டுக்கு மேல் நீண்டது. போர்க்களத்திலும் நெஞ்சில் சுமந்த அன்னையின் நினைவை அவர் இங்கே கல்லில் இறக்கிவைத்தார் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். ஆனால், அவர் பின்னே நடந்த காலாட்களுக்கும் அன்னையர் இருந்தனரே! அவர்கள் தம் சுமையை எங்கே இறக்கிவைத்தார்கள்?

இலக்கியத்தில் தேடினோம். நம் வரலாற்று நாவல்கள் பலவற்றில் வீரனுக்கு வியர்ப்பதே இல்லை. புரவி பறக்கும், வாள் மின்னும்; கட்டுச்சோற்று மூட்டையை யார் தூக்கினார் என்ற பேச்சே எழாது. பழம்புலவர்கள் இதில் நேர்மையானவர்கள். முல்லைப்பாட்டில், புண்பட்ட யானைகளையும் மாண்ட மறவரையும் நினைந்து மன்னன் பாசறையில் உறங்காது கிடக்கிறான். நெடுநல்வாடையில், நள்ளிரவு மழையையும் பாராமல், காயமுற்ற வீரரைக் காணப் புறப்படுகிறான் அரசன். எனினும், இரண்டிலும் நாம் அறிவது மன்னனின் நெஞ்சத்தையே.

எளிய வீரனின் சுமையை எடைபோட்டே காட்டியவர், வியட்நாம் போரில் பணியாற்றிய அமெரிக்க எழுத்தாளர் டிம் ஓ'பிரையன். 1990-இல் வெளியான அவருடைய நூலில், தலைக்கவசமும் துப்பாக்கியும் இத்தனை இராத்தல் என்று கணக்கிட்டுக்கொண்டே வருகிறார். அதே மூச்சில் ஒரு பெண்ணின் கடிதங்களையும், கோழை எனப் பிறர் நகைப்பரோ என்ற நாணத்தையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார். அந்த நாணத்துக்குத்தான் இராத்தல் கணக்கு இல்லை.

தமிழில் இத்துறைக்கு உரியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்து, இளமையிலேயே இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்றவர். போர்க்காலத்தைத் தென்கிழக்காசியாவிலேயே கண்டவர். 1959-இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்', 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரண்டே நாவல்கள் எழுதினார். இரண்டிலும் தலைவன் வட்டிக்கடையில் வேலை பார்க்கச் சென்று, பின்பு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழ் இளைஞன்.

அவனுடைய சுமை யாது? துப்பாக்கியைக் கீழே வைத்துவிடலாம். 1945-இல் போர் முடிந்ததும் வைத்தும் விட்டார்கள். 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியனோ மதுரையைச் சுமக்கிறான். கடலுக்கு அப்பாலிருந்தபடியே அதன் தெருக்களில் நடக்கிறான். சிறுவயதில் கேட்ட குரல்கள் அவன் காதில் ஒலிக்கின்றன. ஊர் திரும்பாமலே மடிகிறான்.

மற்றவன் கதை இன்னும் கசப்பானது என்பது எம் கருத்து. அவன் உயிரோடு மீள்கிறான். விரும்பிய பெண்ணும் இருக்கிறாள். ஆனால் பெண்ணின் தந்தையான வட்டிக்கடை முதலாளிக்கு ஒரே கணக்கு: பட்டாளத்துக்குப் போனவன் இனித் தொழிலுக்கு உதவான். அவர் கொடியவர் அல்லர். பெண்ணின் நலத்தையும் கடையின் நலத்தையும் பேரேட்டில் ஒரே பக்கத்தில் எழுதிப் பழகியவர், அவ்வளவே. சீருடையைக் களைந்த பின்னும் அவன் தோளில் அது தொங்கிக்கொண்டே இருக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இந்நாவல்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பம்பாயிலோ டில்லியிலோ, தமிழ் எழுத்துப் பலகையொன்றைக் கண்டதும் கால் தானே நின்றுவிடுகிறதே, அந்தக் கணத்தை அறிந்தவர்க்குப் பாண்டியன் அயலான் அல்லன். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது இரு நூல்களையும் வாங்கிவாருங்கள். 'கடலுக்கு அப்பால்' சிறியது. அதை முதலில் படியுங்கள்.