பல்லுச் சக்கரம் வரையப் படிப்போம்

(தோட்டத்துப் பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்டோரில் ட்ரையர் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே கொழுந்துத் தட்டுகளை இழுத்துக்கொண்டு போவது செயின். செயினை ஓட்டுவது பல்லுச் சக்கரம், அதாவது ஸ்புரொக்கட். அது தேய்ந்து செயின் நழுவினால் ட்ரையர் நிற்கும். நாம் மழையில் நனைந்து பறித்த கொழுந்து காயாமல் கெட்டுப்போகும்.

அந்தச் சக்கரத்தைக் கொம்பியூட்டரில் வரைவதை நம்ம பிள்ளைகளும் படிக்கலாம். முதலில் மூன்று விசயம் வேண்டும்: பல் எத்தனை, செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், உருளையின் விட்டம். அந்தத் தூரத்தைப் பிட்ச் என்பார்கள். பைசிக்கிள் செயினுக்கு அது 12.7 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம்.

180 பாகையைப் பற்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வருகிற கோணத்தின் சைனால் பிட்சை வகுத்தால், உருளைகள் உட்காரும் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 18 பல்லென்றால் 10 பாகை, விட்டம் 73.1 மில்லிமீற்றர். இது சாதாரண தரக் கணக்குத்தானே! பிறகு ஒரு பல்லைச் சரியாக வரைந்தால் போதும், மற்றதைக் கொம்பியூட்டரே சுற்றிவர வைத்துவிடும். ஓட்டோகேட் 1982இல் வந்தது. ஃப்ரீகேட் காசில்லாமலே கிடைக்கிறது.

ஆனால் ஒன்று. தேய்ந்த பல்லை அளந்து கொடுத்தால் கொம்பியூட்டர் தேய்ந்த பல்லையே அழகாக வரைந்து தரும். பழைய செயின் நீண்டிருக்கும். அதில் பிட்ச் எடுத்தாலும் பிழைதான். புதுச் செயினின் அளவையே எடுக்க வேண்டும். ஓடுகிற மெசினில் ஒருநாளும் அளக்கக் கூடாது. மெயினை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்கிறது. சேலைத் தலைப்பும் கூந்தலும் செயினில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சக்கரத்தை வரைகிற பிள்ளை அதன் மூடியையும் சேர்த்தே வரையட்டும்.

பெற்றோரே, சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் இந்தப் பாடநெறி உண்டா என்று விசாரியுங்கள். தனியார் வகுப்பென்றால், காசு கட்டுமுன் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். தங்கச்சிமாருக்கும் இது ஏற்ற தொழில்தான்.

கொழுந்து கிள்ளப் பழகிய கைக்கு அளவு பிசகாது.