பேறுகாலப் பணியும் நம் இளைஞர் கடமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் மகப்பேற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளை முதலில் உயிரோடு பிறந்து, முதல் மாதத்தைக் கடந்தாக வேண்டும். ஆகவே இதுவும் கல்வியைச் சார்ந்த பொருளே.

நம் பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை இராணிப்பேட்டை வழியாக வேலூருக்குப் போகிறது. அந்த இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். மருத்துவப் பாதிரிமார் குடும்பத்தவராயினும், இந்நாட்டில் தங்கிப் பணிபுரிய அவர் விரும்பவில்லை. 1890களின் தொடக்கத்தில், நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். அங்கு ஒரே இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். தாம் மருத்துவம் பயிலாதவர், தம் தந்தையே மருத்துவர் என்றார் அவர். அந்நிய ஆடவர் பெண்ணைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பினர். மூன்று பெண்களும் மாண்டனர். அச்சாவுகளே அவருக்கு வாழ்வின் பணியைக் காட்டின. அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பினார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. தீண்டலாகாது என்னும் வழக்கம் தாழ்த்தப்பட்டோரை மட்டுமன்று, அதைக் கட்டிக் காத்தோர் வீட்டுப் பெண்களையும் பலி கொண்டது.

பிள்ளைப்பேற்றைத் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயம், தொப்புள்கொடி அறுக்கும் வேலையைத் தாழ்ந்த சாதியென்று தான் கருதியோர் தலையில் சுமத்தியது. அதனால், “அந்த வேலை நம் பெண்ணுக்கு மீண்டும் வேண்டாம்” என்று கூறும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்கள் மனவேதனையை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம். பிறப்பினால் சுமத்தப்பட்டது அடிமைத்தனம். படித்துத் தேர்ந்து, ஊதியமும் உரிமையும் பெற்றுச் செய்வது உத்தியோகம். இரண்டும் ஒன்றாகா.

அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நன்மைக்கே என்பது அவர் வாதம். தாயையும் சேயையும் காப்பது அவர் வகுத்த பாதையில் நடப்பதேயாகும்.

1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020-இல் அவ்வெண்ணிக்கை 28. தமிழ்நாட்டிலோ 13. வீடு வீடாகச் சென்ற கிராம சுகாதாரச் செவிலியரின் உழைப்புக்கு இதில் பெரும்பங்குண்டு. எஞ்சிய இறப்புகளில் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே நிகழ்கிறது.

அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளை நம்பி வெளியூரிலிருந்து வந்த இளந்தம்பதியர் பலர், தாயும் மாமியாரும் அருகில் இல்லாமல் ஒற்றை அறை வாடகை வீட்டில் பிள்ளை பெறுகின்றனர். அவர்களுக்கு அண்டை வீட்டாரே உறவு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டவேண்டும். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் ஆகா. ஆறு மாதம் தாய்ப்பாலே போதும். குழந்தையின் உடற்சூடு குறையாமல் காக்கவேண்டும். பால் குடிக்க மறுத்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இவற்றை எடுத்துச் சொல்லப் பட்டம் தேவையில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவிக்கு மனு எழுதித் தரவும், நள்ளிரவில் 108 வண்டியை அழைக்கவும் நம் இளைஞர் எவராலும் முடியும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்கள் ஈராண்டுத் துணைச் செவிலியர் பயிற்சியையோ, நான்காண்டுச் செவிலியர் பட்டப்படிப்பையோ நாடலாம். அவ்வாறு முன்வரும் மாணவியருக்கு விண்ணப்பக் கட்டணமும் புத்தகச் செலவும் இச்சங்கம் ஏற்கவேண்டுமென இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம். இளைஞர்களே, உங்கள் தெருவில் அடுத்துப் பிள்ளை பெறவிருக்கும் தாய் யார் என்பதை இன்றே அறிந்துகொள்ளுங்கள். தொண்டு அங்கிருந்து தொடங்கட்டும்.