கடைசி ஈரம் மணிக்கு

ஆஸ்திரேலியக் கோதுமை வயல்களில் பெரும்பகுதி மானாவாரி. அங்கே ஏப்ரலிலிருந்து ஜூன் வரை விதைப்பார்கள். செப்டம்பர் வாக்கில் பயிர் பூக்கும். ஆண்டுக் கடைசியில் அறுவடை. நாட்டின் தென்பகுதியில் மழை குளிர்காலத்தோடு ஓய்ந்துவிடும். மணியில் பால் கட்டும் நாளில் மண் காயும், வெயில் ஏறும். பயிர் கருகிச் சாவதைவிடக் கதிர் ஏமாற்றுவதே அதிகம். தாள் செழித்து நிற்கும். தூற்றிப் பார்த்தால் சுருங்கிய மணியும் பதரும். ஆகவே தண்ணீரே இல்லாமல் உயிர் தரிக்கும் கோதுமையைத் தேடிப் பயனில்லை. கடைசி ஈரத்தை மணிக்கென்று மிச்சம் வைக்கும் கோதுமைதான் விவசாயிக்கு வேண்டும்.

இந்தத் தேடலின் முன்னோடி வில்லியம் ஃபாரர். இன்றைய கான்பெரா நகருக்கு அருகே, லாம்பிரிக் என்ற பண்ணையில் அவர் கோதுமைகளைக் கலந்து பார்த்தார். அன்று அங்கே பயிரான பல ரகங்கள் நீண்ட வயதுள்ளவை. அவை முற்றுவதற்குள் வெயில் முந்திக்கொள்ளும். சீக்கிரம் முற்றும் குணத்துக்காக ஃபாரர் இந்தியக் கோதுமைகளை நாடினார். எட்டாவா என்ற இந்திய ரகத்தை, ரொட்டிக்குப் பேர்போன ஃபைஃப் வழிவந்த ரகத்தோடு சேர்த்தார். பிறந்தது யாண்டில்லா. அதை உள்ளூரில் புழங்கிய பர்ப்பிள் ஸ்ட்ராவோடு கலந்து, 1901இல் ஃபெடரேஷன் என்ற ரகத்தைத் தந்தார். சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் அதிகம் பயிரான கோதுமை அதுவே. கங்கைச் சமவெளிக் கோதுமையின் அவசரம் தென்கோளத்து வயலைக் காத்தது.

சீக்கிரம் முற்றினால் மட்டும் போதாது. ஒரே வயதுள்ள இரண்டு செடிகளில் ஒன்று தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும், மற்றொன்று வாரி இறைக்கும். வயலில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. 1980களில் அதைக் கண்டறியும் வழியைக் காட்டியவர்கள் கான்பெரா ஆய்வாளர்கள் கிரஹாம் ஃபார்க்கரும் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸும்.

காற்றிலுள்ள கார்பனில் பெரும்பங்கு கார்பன் 12. நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் கார்பன் 13 என்ற சற்றே கனமான வகையும் உண்டு. கரியமில வாயுவைப் பிடிக்கும் இலையின் நொதி, கனமானதைத் தள்ளி இலேசானதை விரும்பி எடுக்கும். இலைத்துளைகள் அகலத் திறந்திருந்தால் வாயு தாராளமாக உள்ளே வரும். நொதியும் பொறுக்கி எடுக்கும். ஆனால் அதே துளை வழியாகத்தான் நீரும் ஆவியாய் வெளியேறுகிறது. துளை ஒடுங்கினால் நீர்ச் செலவு குறையும், உள்ளே வாயுவும் அருகும். அப்போது பொறுக்க இடமின்றிக் கனமான கார்பனையும் நொதி ஏற்றுக்கொள்ளும். எனவே கார்பன் 13 கூடுதலாக உள்ள இலை, சிக்கனமான செடியின் இலை. உலர்த்திப் பொடித்த இலைத்தூள் ஒரு சிட்டிகை போதும். நிறை நிறமாலைமானி என்ற கருவி இரண்டு கார்பன்களின் விகிதத்தைச் சொல்லிவிடும். பயிர் நீரை எப்படிச் செலவழித்தது என்ற கணக்கை இலையே எழுதி வைத்திருக்கிறது என்பது இந்த ஆய்வின் பேரழகு.

இப்படித் தேர்ந்தெடுத்து 2002இல் வெளியான ரகம் டிரைஸ்டேல். வறண்ட நிலத்தை ஓவியங்களாக்கிய ரஸ்ஸல் டிரைஸ்டேலின் பெயர் அது. சோதனை வயல்களில் மழை குறையக் குறையச் சிக்கனப் பயிரின் விளைச்சல் மேம்பாடு கூடியது.

வேரிலும் இதே சிக்கனத்தைத் தேடினார்கள். விதையிலிருந்து முதலில் இறங்கும் வேரின் நடுவே நீர் ஏறும் குழாய் ஒன்று உண்டு. அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் அறுபத்தைந்து பங்கு அளவில் இருக்கும். ஆய்வாளர் ஜான் பாசியூராவும் ரிச்சர்ட்ஸும் பயிர்களைத் தேர்ந்து கலந்து அதை ஐம்பத்தைந்துக்குக் கீழே குறைத்தார்கள். வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் குழாயின் விட்டம் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலே அதில் ஓடும் நீர் பாதியாகிவிடும். பயிர் இளமையில் அடிமண் ஈரத்தை உறிஞ்சித் தீர்க்காமல், கதிர் முற்றும் நாளுக்கு விட்டுவைத்தது. வறண்ட பருவங்களில் விளைச்சல் கூடியது.

எங்கும் சிக்கனமே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. நாட்டின் வடகிழக்கில் கோடை மழை ஆழ்ந்த களிமண்ணில் தங்கும்; பயிர் அந்தச் சேமிப்பில் வாழ்கிறது. அங்கே சிக்கனம் பலிக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலத்தில், பயிர் வளரும்போதே மழை பெய்கிறது. மெதுவாக வளரும் பயிருக்கு அடியில் திறந்து கிடக்கும் மண்ணிலிருந்து அந்த ஈரம் வீணாய் ஆவியாகும். அங்கே தொடக்கத்திலேயே இலை விரித்து மண்ணுக்கு நிழலிடும் ரகமே வெல்லும்.

விதைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பசுமைப் புரட்சிக் கோதுமைகளைக் குட்டையாக்கிய நோரின் 10 என்ற ரகத்தின் மரபணுக்கள், தாளோடு சேர்த்து முளையைப் பொதிந்து மேலே கொண்டுவரும் உறையையும் குட்டையாக்கிவிட்டன. மழை தாமதிக்கும் ஆண்டில் ஈரம் ஆழத்தில்தான் இருக்கும். விதையை அங்கே இறக்கினால், உறை மண்மட்டத்தை எட்டாமல் முளை உள்ளேயே மடங்கிப்போகும். ஆர்.எச்.டி. 18 போன்ற வேறு குட்டை மரபணுக்கள் தாளை மட்டும் குறைத்து உறையை நீளமாகவே விடுகின்றன. அவற்றைக் கொண்ட பயிர், பத்து சென்டிமீட்டருக்கும் கீழே புதைத்த விதையிலிருந்துகூட, மழைக்குக் காத்திராமல் வெளியே வருகிறது.