கல்லறைக்குள் கிறுக்கியவர்கள்

ஸ்காட்லாந்து போகிறவர்கள் முதலில் எடின்பரோ கோட்டைக்குத்தான் ஓடுகிறார்கள். ஓடட்டும். நாம் இன்னும் வடக்கே, கடலைத் தாண்டி ஆர்க்னி தீவுகளுக்குப் போவோம்.

அங்கே மரம் அரிது. ஆனால் தட்டினால் பலகை பலகையாகப் பிரியும் கல்லுக்குப் பஞ்சமில்லை. கற்காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் கட்டிலைக்கூடக் கல்லில்தான் செய்தார்கள். 1850இல் அடித்த ஒரு புயல், கடலோர மணல்மேட்டை வாரிக்கொண்டு போனது. அப்போது வெளியே வந்த ஊர்தான் ஸ்காரா பிரே. வயது ஏறக்குறைய 5,000 ஆண்டு. இன்றைக்கும் மேலே நின்று வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கலாம். நடுவில் அடுப்பு, பக்கங்களில் கல் கட்டில், வாசலுக்கு நேர் எதிரே கல் அலமாரி. வருகிறவர் கண்ணில் முதலில் படட்டும் என்றே அதை அங்கே வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

சில மைல் தள்ளி ஒரு பச்சை மேடு. மேஸ்ஹவ். அதுவும் அதே கற்காலத்துக் கல்லறை. சுமார் பத்து மீட்டர் நீளப் பாதையில் முதுகை வளைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலையொட்டிய நாட்களில், சாயும் சூரியன் அந்தப் பாதை வழியே நுழைந்து பின்சுவரைத் தொடுகிறது.

என்னைக் கேட்டால், அந்த வெளிச்சத்தைவிடச் சுவையானது சுவர்தான். 12ஆம் நூற்றாண்டில் நார்ஸ்காரர்கள், அதாவது ஸ்காண்டிநேவிய வழிவந்தவர்கள், இந்தக் கல்லறையை உடைத்து உள்ளே புகுந்தார்கள். 1153 கிறிஸ்துமஸ் சமயத்தில் பனிப்புயலுக்குப் பயந்து இங்கே ஒதுங்கிய கூட்டத்தில் இரண்டு பேருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக ஆர்க்னியிங்கா சாகா என்ற பழைய நார்ஸ் கதைநூல் சொல்கிறது. உள்ளே வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் தங்கள் பழைய ரூன் எழுத்தில் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். இந்த மேட்டை உடைத்தவர்கள் ஜெருசலேம் யாத்திரைக்காரர்கள் என்கிறது ஒன்று. புதையல் எப்போதோ போய்விட்டது என்கிறது இன்னொன்று. பெண்களில் பேரழகி இங்கிகெர்த் என்று உருகியிருக்கிறார் ஒருவர். அந்த அம்மாளுக்கு இது தெரியுமோ, தெரியாதோ!

இன்று ஒருவர் இப்படிக் கிறுக்கினால் பிடித்துக் கொடுத்துவிடுவோம். அன்று கிறுக்கியதையோ கண்ணாகப் பாதுகாக்கிறோம். ஒருவர் தன் பெயரைப் போட்டு, இதை உயரத்தில் செதுக்கினேன் என்று பீற்றிக்கொண்டிருக்கிறார். பொய்யில்லை. அதைக் காட்ட வழிகாட்டி இன்றும் டார்ச் விளக்கை மேலே தூக்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.